பச்சைப் பொத்தானில் ஓர் ஆப்பு

ஆப்பை அடித்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி நான் திட்டப்போவது வேறொருவரை. படிப்பவர்கள் அதற்குத் தக்கபடி என் கோபத்தில் தள்ளுபடி செய்துகொள்ளட்டும்.

எண்பதுகளின் தொடக்கம். மலைமேல் காவலூருக்குப் பக்கத்தில் தகரம் வேய்ந்த ஒரு ஷெட்டில் தேனீப் பெட்டிகள் செய்துகொண்டிருந்தோம். மலையில் தேன் எடுப்பவர்களுக்குக் கொடுக்க ஏதோ ஒரு திட்டத்தில் வந்த வேலை. நான் ஒடுகத்தூரிலிருந்து போன தச்சன், அங்கே எல்லாருக்கும் மேஸ்திரி. பலகை அறுக்க ஒரு வட்ட ரம்பம் இருந்தது. இரும்பு மேஜை, நடுவில் பிளவு, பிளவுக்கு மேல் பாதி தெரியும் பல் வைத்த வட்டத் தகடு, அடியில் மோட்டார். அதில் என்னோடு நின்றவர் மலைக்காரர், என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். சாமை விதைக்கவும் அறுக்கவும் நிலத்துக்குப் போய்விடுவார், மற்ற நாளெல்லாம் ரம்பத்தில்தான். நான் அண்ணே என்று கூப்பிடுவேன். கோடு போடாமலே பலகையை நூல் பிடித்த மாதிரி தள்ளிக் கொடுப்பார்.

ரம்பத்துக்குச் சுவரில் ஒரு ஸ்டார்ட்டர் பெட்டி. பச்சைப் பொத்தானை அழுத்தினால் ஓடும், சிவப்பை அழுத்தினால் நிற்கும். கரண்ட் போனால் பச்சை தானாக வெளியே வந்துவிடும். கரண்ட் திரும்பி வந்தாலும் நாம் மறுபடி அழுத்தினால்தான் ரம்பம் சுற்றும். அந்தப் பெட்டியை மாட்டுவதே பாதி இதற்காகத்தான். எங்கள் பெட்டியில் பச்சைப் பொத்தானை உள்ளே பிடித்து வைக்கும் கம்பிச்சுருள் கருகிப்போயிற்று. அழுத்தினால் உர்ரென்று உறுமும், விரலை எடுத்தால் மோட்டார் நின்றுவிடும்.

ஷெட்டுக்குப் பொறுப்பான அதிகாரி எதிர் அறையில் உட்கார்ந்திருப்பார். போய்ச் சொன்னேன்.

"கெட்டுப்போனத கழட்டி ஒப்படைச்சாதான் புதுசு கேட்டு எழுத முடியும், மேஸ்திரி" என்றார்.

"கழட்டினா வேல நின்னுடுமே சார்."

"நிக்கக் கூடாது. பெட்டிங்க இந்த மாசத்துக்குள்ள போயாகணும்."

"அப்ப இன்னா சார் பண்றது?"

"உங்க ஊர்ல கெணத்து மோட்டாருக்கு இன்னா பண்றீங்க? அதயே பண்ணு."

கீழே எங்கள் பக்கத்தில் அது ஊரறிந்த வைத்தியம். கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் பச்சைப் பொத்தானை உள்ளே தள்ளி, ஒரு மரச்சில்லை இறுக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக ஓடும், நெல்லுக்குத் தண்ணீர் பாயும். எங்கள் கிணற்றிலும் அப்படித்தான். ஆனால் கிணற்று மோட்டாரில் யாரும் கை வைக்கப் போவதில்லை. ரம்பத்தில் கை வைப்பதுதான் எங்கள் பிழைப்பு. இந்த வித்தியாசம் எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியும், வேங்கைத் துண்டில் ஓர் ஆப்பு செதுக்கி, ஆடாமல் அசையாமல் அடித்தேன். வேலை சுத்தமாக இருக்கிறது என்று உள்ளூர ஒரு பெருமை வேறு.

ஆப்பு வைத்தபின் சிவப்புப் பொத்தான் செத்தது. ரம்பத்தை நிறுத்த மெயின் சுவிட்சின் கைப்பிடியைத்தான் இழுக்க வேண்டும். மெயின் கோடிச் சுவரில். மழையில் நனையக் கூடாதென்று, முடிந்த பெட்டிகளை அதன் முன்னால்தான் அடுக்கச் சொல்லியிருந்தார் அதிகாரி. உடம்பை ஒடுக்கிக்கொண்டு நுழைந்தால்தான் கை எட்டும். ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை கரண்ட் போகும். போகும்போதெல்லாம் ஓடிப்போய் மெயினை இழுப்பது என் பொறுப்பு என்று வைத்துக்கொண்டேன். நான் இழுத்துவிட்டு "ஆச்சு" என்று சொன்னபிறகுதான் அண்ணன் மேஜையில் கை வைப்பார். சில நாளில் அதுவே பழகிவிட்டது. கரண்ட் போனால் மேஸ்திரி மெயினை இழுத்திருப்பான் என்பது அவருக்குச் சொல்லாமலே தெரிந்த விஷயமாகிவிட்டது.

மூன்று முறை அதிகாரியிடம் போய் ஸ்டார்ட்டரை ஞாபகப்படுத்தினேன். மூன்று முறையும் அதே பதில். நான்காம் முறை போனபோது அவர் மேஜைமுன் நின்று கொஞ்சம் குரலை உயர்த்தியே பேசிக்கொண்டிருந்தேன். எதிரே ஷெட்டில் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று எங்கள் தலைக்கு மேல் மின்விசிறி நின்றது, ரம்பமும் அடங்கியது. நான் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. பேச்சை முடித்துவிட்டுப் போகலாம் என்று நின்றேன். கோபத்தில் இருப்பவனுக்குத் தன் பேச்சை விட்டுவிட மனம் வராது. விசிறி மறுபடி அசைந்தபோதுதான் எனக்கு உறைத்தது. வாசலைத் தாண்டுவதற்குள் ரம்பம் ஓடும் சத்தம் கேட்டது, அதற்குமேல் அண்ணனின் அலறல் கேட்டது.

பிளவில் ஒரு சிராய் சிக்கியிருக்கிறது. கரண்ட் போனது நல்லதாகப் போயிற்று என்று அதை எடுக்க இடது கையை விட்டிருக்கிறார். பெருவிரல் அடியோடு போய்விட்டது. அதிகாரி ஜீப்பை உடனே கொடுத்தார், அதை மறைக்கக் கூடாது. நான் என் துண்டால் அவர் கையை இறுக்கிப் பிடித்தபடி அடிவாரத்து ஆஸ்பத்திரி வரைக்கும் போனேன்.

நான்காம் நாள் புது ஸ்டார்ட்டர் வந்து இறங்கியது. பழையதைக் கழற்றி ஒப்படைக்கும் பேச்சே எழவில்லை. அத்தனை நாள் வராத பொருள் ஒரு விரல் விழுந்ததும் ஓடி வந்துவிட்டது. மாட்ட வந்த ஆள் என் ஆப்பைப் பிடுங்கி, "யாருய்யா வெச்சது, நல்லா செதுக்கிக்கீறான்" என்றான். அவனை அடிக்காமல் விட்டது பெரிய காரியம்.

கட்டுப் பிரிக்காத கையோடு அண்ணன் ஒருநாள் வந்தார். அதிகாரி அவரை அறைக்குள் கூப்பிட்டார், நானும் பின்னாலேயே போனேன். மேஜைமேல் டைப் அடித்த காகிதம் தயாராக இருந்தது. கீழே அச்சில் 'இடது கைப் பெருவிரல் ரேகை' என்று போட்டுக் காலியாக ஒரு கட்டம். அதிகாரி மைப்பெட்டியைத் திறந்தார். கட்டத்தைப் பார்த்தார், அண்ணன் கையைப் பார்த்தார். பிறகு, "பரவால்ல, வலது கைய வையி" என்றார்.



"இன்னா எழுதிக்கீது, மேஸ்திரி?" என்று அண்ணன் என்னைக் கேட்டார்.

எடுத்து வாசித்தேன். 'இயந்திரம் நல்ல நிலையில் இருந்தது, எச்சரித்தும் கேளாமல் என் கவனக்குறைவால் கையை விட்டேன்' என்று அண்ணனே சொல்வதுபோல் எழுதியிருந்தது.

"ஆப்பு வெச்சத காணோமே" என்றார். கோபமாகக்கூட இல்லை, ஏதோ விட்டுப்போனதைச் சொல்வதுபோல்.

நான் அதிகாரியின் பேனாவை எடுத்து அந்தக் காகிதத்திலேயே எழுதினேன். 'ஆப்பு வைத்தவன் நான். வைக்கச் சொன்னவர் இந்த அதிகாரி. மெயினை இழுக்காமல் விட்டவனும் நான்.' கையெழுத்தும் போட்டேன். அதிகாரி கிழிக்கவில்லை, கத்தவுமில்லை. மடித்து இழுப்பறையில் வைத்துவிட்டு, "போங்க, பாத்துக்கலாம்" என்றார். உண்மையை எழுதிவிட்டேன் என்று அன்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன்.

இரண்டு வாரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அண்ணன் ஷெட்டுக்கு வந்து, கதவோரம் நின்று வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வலது பெருவிரல் நகத்தோரத்தில் ஊதா மை தெரிந்தது.

"வெச்சிட்டியாண்ணே?"

"ஆமா, வூட்டாண்ட ஜீப்புல வந்தாரு."

"ஏன் வெச்ச? இன்னா எழுதிக்கீதுன்னு தெரியுமில்ல?"

"தெரியும். அதேதான், புதுசா அடிச்சி எடுத்தாந்தாரு."

நான் கத்தினேன். விரலைப் பறிகொடுத்த மனிதரைப் பார்த்து, சொரணை இல்லையா என்று வேலையாட்கள் முன்னால் கத்தினேன். அவர் நான் முடிக்கும்வரை பொறுத்திருந்தார்.

"நீ எழுதினத அனுப்பினா உன்னத்தான் மொதல்ல வேலய வுட்டு எடுப்பாங்கன்னாரு" என்றார். "உனக்கு நிலமா கீது, நீ இன்னா பண்ணுவ?"

அதைச் சொல்லிவிட்டு, சாமை அறுக்க நேரமாகிவிட்டது, போய்ட்டு வர்றேன் என்று கிளம்பினார். நான் அந்த ஷெட்டில் இன்னும் ஆறு வருடம் மேஸ்திரியாக இருந்தேன்.