இணைச்சீருக்குப் போன கார்

1978ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். பகல் ஒன்றரை மணிக்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து காரில் கிளம்பினோம். போக வேண்டியது என் மாமனார் ஊரான காவிரிக்கரை ஜேடர்பாளையம். நாமக்கல், பரமத்தி வழியாக ஏறக்குறைய எண்பத்தைந்து கிலோமீட்டர். வண்டியை நான் ஓட்டினேன். பின் இருக்கையில் என் மனைவி சரஸ்வதி, சீர்த்தட்டுகள் சரியாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் அவளுடைய தம்பி பழனிச்சாமிக்குக் கல்யாணம். முதல் நாள் மாலை ஆறு மணிக்கு இணைச்சீர். எங்கள் கொங்கு நாட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளை பக்கத்தில் உடன்பிறந்தவள் கூறைச்சேலையைக் கையில் ஏந்தி நின்று செய்கிற சீர் அது. உடன்பிறந்தவள் வராவிட்டால் பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தியை நிறுத்தி முடித்துவிடுவார்கள். கல்யாணம் நடந்துவிடும். ஆனால் வராதவளைப் பற்றிய பேச்சு, பேரன் பேத்தி எடுத்த பிறகும் ஓயாது.

அந்தப் பேச்சுக்கு ஏற்கனவே நான் அடுப்பு மூட்டி வைத்திருந்தேன். மூன்று வருடம் முன்பு மாமனார் ஊர் நோம்பித் திருவிழாவில், பந்திக்கு என்னை யாரும் வாய் திறந்து கூப்பிடவில்லை என்று கோபித்துக்கொண்டு, பாதி உடுத்திய புதுச்சேலையோடு சரசுவை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தவன் நான். அதற்குப் பிறகு அந்த ஊர் மண்ணை நாங்கள் மிதிக்கவில்லை. இன்று தாமதமானால் வேண்டுமென்றே வரவில்லை என்றுதான் சொல்வார்கள்.

சீர் கொண்டு போகும் வண்டி என்பதால் காலையில் நானே கழுவிப் பொட்டு வைத்தேன். பானட்டுக்கு, ஸ்டியரிங்குக்கு, நாலு சக்கரத்துக்கு. பெட்ரோல்தானே வண்டிக்குச் சோறு என்று பின்பக்கம் டாங்க் மூடியிலும் கட்டைவிரல் நிறையச் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வைத்தேன். பொட்டு வைப்பதில் நான் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை.

பொய்மான் கரடு வரைக்கும் வண்டி சொன்னபடி கேட்டது. மல்லூர் தாண்டியதும் முதல் இருமல். மெதுவாகப் போனால் ஒழுங்காகப் போகிறது. லாரியை முந்தலாம் என்று ஆக்சிலேட்டரை மிதித்தால், டபடபவென்று அடைத்து அடைத்து இழுக்கிறது. வேகம் ஏறுவதற்குப் பதில் இறங்குகிறது. மிதிக்க மிதிக்கச் சக்தி குறைகிற வண்டியை ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த எரிச்சல் தெரியும்.

மணி இரண்டே கால். ஆண்டகலூர் கேட் அருகே புளியமர நிழலில் நிறுத்தினேன். மூங்கில் குச்சியை டாங்கில் விட்டுப் பார்த்தேன். பாதிக்கு மேல் பெட்ரோல் இருந்தது. பிளக்குகள் நான்கையும் கழற்றி உப்புத்தாளில் தேய்த்து மாட்டினேன். வண்டி குதிரையாகக் கிளம்பியது.

"பாத்தியா? பிளக்குல கரி. அவ்வளவுதான்" என்றேன்.

"சரிங்க" என்றாள் சரசு. அவளுடைய "சரிங்க"வில் இருபது வகை உண்டு. இது நம்பாத வகை.

எட்டுக் கிலோமீட்டர்தான். மறுபடி அதே இருமல். புதுச்சத்திரத்துக்குள் உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. சாலையோரம் ஒரு பட்டறை. மெக்கானிக் செங்கோடன் லாரிக்காரர்களுக்கு வேலை செய்பவர்.

"நம்முளுது டீசல் வேலைங்க. டீசல் வண்டியில பிளக்கே கெடையாது. இருந்தாலும் பாக்கறேனுங்க" என்றார்.

நின்ற இடத்தில் இன்ஜின் சீராக ஓடியது. அவர் காதை வைத்துக் கேட்டார். கரண்டுக் கோளாறு என்று முடிவு செய்தார். டாங்க் மூடியைத் திறந்து துணியைப் பெட்ரோலில் நனைத்து, பிளக்குக்குக் கரண்டு அனுப்பும் பாயிண்டைத் துடைத்தார். நாமக்கல்லுக்கு ஆள் அனுப்பி, பாயிண்டோடு சேர்ந்த கண்டன்சரையும் புதிதாக வாங்கிவரச் செய்து மாட்டினார். பட்டறைக் கூலி எட்டு ரூபாய், டீ முப்பது காசு. இதற்குள் மணி நாலரை. சரசு டீயைக் கையில் வைத்திருந்தாளே தவிரக் குடிக்கவில்லை.

"அங்க இப்ப கண்ணாலச் சேலையை எடுத்து வெச்சிருப்பாங்க" என்று மட்டும் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

ஒரு பர்லாங் ஓட்டிப் பார்த்தோம். அருமையாக ஓடியது. செங்கோடன் சிரித்தபடி கும்பிட்டு அனுப்பினார். நாமக்கல் கோட்டையை இடப்பக்கம் விட்டு, பரமத்தி சாலையில் திரும்பிக் கொஞ்ச தூரம் வந்ததும் வண்டி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேவிட்டது. மணி ஐந்து பத்து. இரண்டு பக்கமும் சோளக்காடு. ஆள் நடமாட்டம் இல்லை.

பானட்டைத் திறந்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். பிறகு பழக்கதோஷத்தில் குச்சியை எடுத்துக்கொண்டு பின்னால் போய் டாங்க் மூடியைத் திருகினேன்.

"ஏனுங்க, கொஞ்சம் நில்லுங்க" என்றாள் சரசு, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி. "அதைத் தொறக்கறப்பல்லாம் புஸ்ஸுங்குது. புளியமரத்துக்கிட்டயும் கேட்டுது. பட்டறையில அவரு துணி நனைக்கறப்பவும் கேட்டுது."

"பெட்ரோல் ஆவி. வெயில்ல அப்படித்தான் வெளியே வரும்."

"வெளியே வரலீங்க. உள்ள இழுக்குது. எண்ணெய் டின்னுல ஒரே ஒரு ஓட்டை போட்டுக் கவுத்தா எண்ணெய் வருமுங்களா? கொளக்குக் கொளக்குன்னு விட்டுவிட்டுத்தான் வரும். காத்துப் போக மேல இன்னொரு ஓட்டை போடணும். இதுக்கு அந்த ஓட்டை எங்கீங்க?"

மூடியைத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் குண்டூசி நுழைகிற அளவுக்கு ஒரு துளை. வெளிப்பக்கம் அதே இடத்தில், காய்ந்து கல்லாகிப்போன என் சந்தனப் பொட்டு.

எனக்கு எல்லாம் விளங்கியது. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே காற்றுப் போக வழியில்லை. மெல்லப் போனால் சமாளிக்கும். வேகமாகப் போக அதிகம் கேட்டால் இன்ஜினுக்கு ஊற்ற முடியாது. மூடியைத் திறக்கும்போதெல்லாம் சரியாகிவிட்டது. நாங்கள்தான் பிளக்குக்கும் பாயிண்டுக்கும் பெருமையைக் கொடுத்துக்கொண்டிருந்தோம். இரண்டு ஆண்பிள்ளைகள் முன்பக்கம் குனிந்து கிடக்க, பின்பக்கம் உட்கார்ந்திருந்தவளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

சரசு வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தாள். சந்தனத்தைச் சுரண்டித் துளையைக் குத்திவிட்டேன். என்னைக் கேலி செய்ய அவளுக்கு அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. அவள் செய்யவில்லை. "போலாங்க" என்றாள்.

அதன் பிறகு வண்டி நிற்கவில்லை. பரமத்தி தாண்டி, வாழைத் தோட்டங்களும் வாய்க்கால் மதகுகளுமாக வந்துகொண்டிருந்தன. வேறொரு நாளாக இருந்தால் அவற்றைப் பற்றி நாலு வரி எழுதியிருப்பேன். அன்று நான் பார்த்தது ரோட்டையும் கடிகாரத்தையும்தான்.

ஆறு இருபத்தைந்துக்குப் பந்தலை அடைந்தோம். மாப்பிள்ளையை முக்காலியில் உட்காரவைத்துவிட்டார்கள். பக்கத்தில் பெரியப்பா மகள் கையில் கூறைச்சேலையோடு நின்றாள். சீர் செய்துவைக்கும் அருமைக்காரர் எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, நேரமாயிற்று என்பதுபோல் கை காட்டினார். பழனிச்சாமி எழுந்து நின்றுவிட்டான்.

"உக்காரு சாமி" என்றார் அவர்.

"அக்கா வந்திருச்சுங்க" என்றான். அவ்வளவுதான் சொன்னான். பெரியப்பா மகள் சேலையைச் சரசுவின் கையில் வைத்துவிட்டு ஒதுங்கினாள். சரசு அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

சீர் முடிந்ததும் பழனிச்சாமி என்னிடம் வந்தான். "வண்டி கோளாறுங்களா மச்சான்?" என்று கேட்டான். ஊர் காதில் விழும்படி, எனக்குத் தப்பிக்க ஒரு வழி விட்டுத்தான் கேட்டான். ஆமாம் என்று சொல்லியிருந்தால் போதும்.

"இன்னைக்கு வந்தது வண்டிக் கோளாறு மாப்ள. மூணு வருசம் வராம இருந்தது நாந்தான்" என்றேன்.

அதை விடுங்கள் என்று அவன் சொல்வான் என எதிர்பார்த்தேன். அவனோ பந்தலுக்குள் இருந்த சரசுவைப் பார்த்தான்.

"அக்கா ரொம்ப எளச்சுப் போச்சுங்க மச்சான்" என்றான்.

மறுநாள் முகூர்த்தம் முடிந்து, சாப்பாடு முடிந்து, இரண்டு மணிக்குக் கிளம்பினோம். திரும்பும்போது சரசு முன் இருக்கையில் உட்கார்ந்தாள். பரமத்தி, நாமக்கல், புதுச்சத்திரம் என்று ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. நாலு பத்துக்குச் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். அவள் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்:

"எங்க ஊருக்கு ரெண்டு மணி நேரந்தானுங்களா?"