குத்தாமல் விட்ட சாக்கு

கடைச் சுவரில் ஒரு ஆணி. ஆணியில் குத்தூசி தொங்குகிறது. முழ நீளம், இரும்பு, உள்ளே குழல், நுனி கூர். மிளகுச் சாக்கில் ஏற்றினால் உள்ளே இருக்கும் மிளகு குழல் வழியாகக் கைக்கு வந்து விழும். சாக்கை அவிழ்க்க வேண்டியதில்லை. பிடி தேய்ந்து வழவழப்பாகிவிட்டது. முதலில் மச்சானின் கை தேய்த்தது. அவர் மௌத்தாகிப் போன பிறகு அவருடைய மனைவி, எனக்கு மூத்தவள், என் ராத்தா. இப்போது என் கை. ஆணிக்குக் கீழே ஒரு பிஸ்கட் டின் இருக்கிறது. அதற்குள் சோடா மூடிகள், ஒவ்வொன்றிலும் பெயின்டால் ஒரு இலக்கம். புதிதாக வருகிறவர்கள் பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான் என்று நினைக்கிறார்கள். நான் திருத்துவதில்லை.

ராத்தா போய் ஒரு வருசத்துக்கு மேல் ஆகிறது. உடம்பு வருத்தம் என்று படுத்தாள், எழும்பவில்லை. ஜனாஸாவை அடக்கிய மறுநாள் நான் கடையைத் திறந்தேன். அக்குறணை டவுனில் சிலர் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். மிளகு வந்துகொண்டிருந்தது. வெளியே காயப்போட்டிருந்ததை மழைக்கு முன் அள்ள வேண்டியிருந்தது. அள்ளினேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. இன்றுவரை வரவில்லை. அதைப்பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை.

மச்சான் மௌத்தானபோது ராத்தா இத்தா இருந்தாள். அந்த மாதங்கள் முழுவதும் அவள் வீட்டை விட்டு வரவில்லை. கடையைப் பெரிய மச்சான் பார்த்துக்கொண்டார். அவர் மச்சானின் கூடப்பிறந்த நானா, மூத்தவர். நல்ல மனிதர். கடைச் சாவியை ஒவ்வொரு அந்தியிலும் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு சலாம் சொல்லிப் போவார். ராத்தா வெளியே வந்து கடையில் உட்கார்ந்த பருவத்தில் கொழும்புக்கு அனுப்பிய லொறி திரும்பி வந்தது. உள்ளே பூஞ்சணம் பிடித்த மிளகு இருக்கிறது என்றார்கள். அடுத்த லொறியும் திரும்பியது. இன்னொரு முறை இப்படியானால் எங்களிடம் வாங்குவதை நிறுத்துவோம் என்று கம்பனியில் சொல்லிவிட்டார்கள். அந்தக் கம்பனி ஒன்றுதான் எங்கள் முழுச் சரக்கையும் எடுத்தது. அது போனால் கடை போகும். ராத்தாவுக்கு இரண்டு மகள்கள், அந்தக் கடையைத் தவிர வேறு வழியில்லை.

ராத்தாவுக்கு விளங்காதது ஒன்று. எங்கள் கடையில் குத்தாமல் வாங்குவதில்லை. குத்தியதெல்லாம் காய்ந்த மிளகு. பிறகு எப்படி? அந்த நேரத்தில்தான் கண்டியில் சிறுவியாபாரிகளுக்குத் தமிழில் ஒரு வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டாள். வியாபார முகாமைத்துவம், அதில் ஒரு பகுதி புள்ளிவிபரம். ஞாயிறு காலை. குட்ஷெட் பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட ஒரு மாடி. என்னிடம் த்ரீவீலர் இருந்தது. நான் கொண்டுபோய் விடுவேன். முதல் நாள் கீழே காத்திருந்தேன். மழை வந்தது. படிப்பித்த மிஸ் ஜன்னலால் எட்டிப் பார்த்து மேலே வரச் சொன்னார். கதவோரத்தில் உட்கார ஒரு கதிரை. அதிலிருந்து கேட்டதுதான் என் படிப்பு. நான் பள்ளிக்கூடத்தை எட்டோடு விட்டவன்.

மிஸ் யாழ்ப்பாணப் பக்கம். சின்ன வயது, மெல்லிய குரல். கீழே பஸ் ஹோர்ன் அடித்தால் நிறுத்துவார், அடித்து முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். ஒருநாள் முன் வரிசையில் இருந்தவர்களை மட்டும் கேட்டார், வகுப்புக்கு வர எவ்வளவு நேரம் எடுத்தது என்று. கூட்டிப் பிரித்துப் பலகையில் எழுதினார். மிகக் கொஞ்ச நேரம். பிறகு பின்னால் இருந்தவர்களைக் கேட்டார். நேரம் ஏறிக்கொண்டே போனது. டவுனில் இருக்கிறவர்கள் வேளைக்கு வந்து முன்னால் உட்காருகிறார்கள். தூரத்து ஆட்கள் பிந்தி வந்து பின்னால். முன் வரிசையை மட்டும் கேட்டால் எல்லாரும் பக்கத்து வீடு என்று வரும். கடைசியில் என்னையும் கேட்டார்.

“அவர் படிக்க வரல்ல மிஸ். ராத்தாவ யாரும் தூக்கிட்டுப் போயிடாம காவலுக்கு வந்தவர்” என்றார் ஒரு துணிக்கடைக்காரர்.

வகுப்பு சிரித்தது. ராத்தாவும் சிரித்தாள். மச்சான் போன பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு அது. மிஸ் சிரிக்கவில்லை. காவலுக்கு வந்தவரும் இந்த அறையில்தானே இருக்கிறார், அவரையும் கணக்கில் எடுக்கத்தான் வேண்டும் என்றார். எடுத்தார். சராசரி கொஞ்சம் நகர்ந்தது. பிறகு, தாங்களாகக் கையை உயர்த்துகிறவர்களை மட்டும் கேட்டாலும் பிழைதான் என்று சொன்னார். கையை உயர்த்துகிறவன் ஒரு மாதிரியான ஆள், உயர்த்தாதவன் வேறு மாதிரியான ஆள். யாருக்கு வேண்டுமானாலும் விழலாம் என்கிற மாதிரி துண்டுச் சீட்டு போட்டு எடுக்க வேண்டும். அவர் அடிக்கடி சொன்னது ஒன்று என் காதில் நின்றுவிட்டது.

“ஆரைக் கேட்டனீங்கள் எண்டு எனக்குச் சொல்ல வேண்டாம். ஆரைக் கேக்காமல் விட்டனீங்கள், அதைச் சொல்லுங்கோ.”

சராசரி, நடு எண், பரவல் என்று வாரம் ஒன்றாகப் போனது. நடு எண் எனக்குப் பிடித்தது. ஒருத்தன் கண்டபடி விலை கேட்டால் சராசரி ஏறிவிடும், நடுவில் நிற்கிறவன் அசையமாட்டான். பரவல் என்பது எது எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பது. ராத்தா எல்லாவற்றையும் எழுதினாள். வீட்டில் மகள்மாரின் மேசையில் அவர்களோடு உட்கார்ந்து செய்து பார்த்தாள். ஒரு ஞாயிறு மிஸ் அவரவர் தொழிலில் ஒரு கேள்வி கொண்டுவரச் சொன்னார். ராத்தா எழும்பி லொறி விசயத்தைச் சொன்னாள். குத்திய சாக்குகளுக்கு எழுதிவைத்திருந்த ஈர அளவுகளைக் கூட்டிப் பிரித்துக் காட்டினாள். எல்லாம் சரியாகத்தான் வந்தது.

மிஸ் பார்த்தார். எல்லாச் சாக்கிலும் குத்தினீர்களா என்று கேட்டார்.

“எங்கட ஆக்கள்ட சாக்குல குத்திறல்ல மிஸ்” என்றாள் ராத்தா. சாதாரணமாகத்தான் சொன்னாள். எங்கள் ஊர் வியாபாரத்தில் அது எல்லாருக்கும் தெரிந்தது. வெளியாள் சாக்கில் குத்தலாம். சொந்தக்காரர் சாக்கில் குத்தினால் அவரை நம்பவில்லை என்று ஆகும். அவர் கொண்டுவருவார், நாங்கள் நிறுப்போம், தேத்தண்ணி கொடுப்போம். அவ்வளவுதான். மச்சான் அப்படித்தான் செய்தார். அவருடைய வாப்பாவும் அப்படித்தான். எங்கள் கடைக்கு வரும் சாக்கில் பாதிக்கு மேல் சொந்தக்காரர்களுடையது.

மிஸ் ராத்தாவின் கணக்கை மறுபடி பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “சராசரியாப் பாத்தா உங்கட மிளகு காய்ஞ்சுதான் இருக்கும். ஆனா பூஞ்சணம் சராசரியில பிடிக்கிறேல்லை. ஏதோ ஒரு சாக்கிலதான் பிடிக்கும்.”

திரும்பி வந்துகொண்டிருந்தோம். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகனம் நெரிசலில் நின்றது. ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவள், “தம்பி, எல்லார்டயும் குத்தணும்” என்றாள். பெரிய மச்சான் என்ன சொல்வார் என்று கேட்டேன். அவர் அவளுக்கு வேண்டியவர். இத்தாவில் சாவி கொண்டுவந்து வைத்தவர். மகள்மாருக்கு வாப்பா இல்லை, ஆண் சகோதரமும் இல்லை. நாளைக்கு நிக்காஹ் என்றால் வலியாக, பெண்ணைக் கொடுக்கும் பொறுப்பாளராக, உட்கார வேண்டியவர் வாப்பாவின் நானாவான அவர்தான். அவரைப் பகைத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அவரை விட்டுவிட்டு மற்றவர்களைக் குத்தினால் அடுத்த லொறி என்ன ஆகும் என்றும் தெரியும்.

அதனால்தான் அந்த டின். மிஸ் சொன்ன துண்டுச் சீட்டு முறை. ராத்தா சோடா மூடிகளில் இலக்கம் எழுதினாள். வருகிற ஒவ்வொரு சாக்கிலும் சோக்குக் கட்டியால் இலக்கம் போட்டோம். எந்தெந்தச் சாக்கில் குத்துவது என்பதை மூடி சொல்லும். நாங்கள் ஆளைப் பார்த்துத் தெரிவுசெய்வதில்லை, ஆகவே யாரையும் நம்பவில்லை என்று ஆகாது. அவள் கணக்கு அது. முதல் சில நாட்கள் நன்றாகத்தான் போனது. ஆட்களுக்கு வேடிக்கையாக இருந்தது. டின்னுக்குள் கையைவிட்டுத் தாங்களே எடுத்தார்கள். என் தோட்டத்துச் சாக்கும் ஒருமுறை விழுந்தது. மேலே நல்ல மிளகு, நடுவிலும் நல்லது, அடியில் ஈரம். சிமெந்துத் தரையில் வைத்திருந்தேன். திருப்பிக் கொண்டுபோய்க் காயப்போடச் சொன்னாள். போட்டேன். ராத்தா ஒரு சாக்கில் மூன்று இடத்தில் குத்துவாள். மேலே, நடுவில், அடியில். ஒரு இடத்தோடு விட்டு நான் பார்த்ததில்லை.

பிறகு பெரிய மச்சான் ஒரு சாக்கோடு வந்தார். கடையில் ஆட்கள் இருந்தார்கள். மூத்தவர் என்று அவரைக் கதிரையில் இருத்தி, டின்னை அவரிடமே நீட்டினாள் ராத்தா. அது மரியாதை. அவரும் சிரித்துக்கொண்டே கையை விட்டார். எடுத்த மூடியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். அவருடைய சாக்கின் இலக்கம்.

மாத்தளைப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் சிரித்தார். “ஹாஜியார் தன்ட கையாலயே தன்னப் புடிச்சிக்கிட்டாரு” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பெரிய மச்சானின் முகம் மாறியது. மூடியைத் திரும்ப டின்னுக்குள் போட்டார். “வேற ஒண்டு எடுக்கிறேன்” என்றார்.

ராத்தா குத்தூசியைக் கையில் வைத்திருந்தாள். விட்டிருக்கலாம். ஒரு சாக்குத்தானே. யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நான் விடுவாள் என்றுதான் நினைத்தேன்.

“எடுத்தது எடுத்ததுதான் மச்சான்” என்றாள்.

“என்ட தம்பி ஈந்தா இப்பிடிச் செய்வானா?”

“செஞ்சிக்க மாட்டார். அவருக்கு லொறி திரும்பி வரல்ல.”

அவர் எழும்பினார். சாக்கைத் தானே தோளில் ஏற்றினார். அந்த வயதில் அது பாரம். நான் பிடிக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார். அந்த மிளகை டவுனில் வேறொரு கடையில் கொடுத்தார். அவரோடு இன்னும் சில சொந்தக்காரர்கள் போனார்கள். சிலர் பிறகு வந்தார்கள். அவர் வரவில்லை. அந்தச் சாக்கில் என்ன இருந்தது என்று எங்களுக்குத் தெரியாது.

அந்தப் பருவ லொறி திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. கடை நின்றது. மூத்த மகளின் நிக்காஹ்வுக்கு நான்தான் போய்ப் பெரிய மச்சானைக் கேட்டேன். வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வந்தார். வலியாக உட்கார்ந்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பிள்ளையை ஒப்புக்கொடுத்தார். சாப்பாட்டுச் சஹனில் கை வைக்காமல் எழும்பிப் போனார். நான் உள்ளே போய் ராத்தாவிடம் சொன்னேன். அவள் பிள்ளையின் தலையில் முந்தானையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். “வந்தார்தானே” என்றாள். சின்ன மகளின் நிக்காஹ்விலும் அதே மாதிரி. ராத்தாவின் ஜனாஸாவிலும் முன் வரிசையில் நின்றார். மண் போட்டார். என்னோடு பேசவில்லை.

மகள்மார் கல்யாணம் முடித்து ஒருத்தி மாவனல்லை, ஒருத்தி வெளிநாடு. கடையை நான் பார்க்கிறேன். ராத்தா செய்தபடிதான் செய்கிறேன். வேறு மாதிரி எனக்குத் தெரியாது.

போன கிழமை ஒரு த்ரீவீலர் வந்து நின்றது. பெரிய மச்சான் இறங்கினார். நன்றாகத் தளர்ந்துவிட்டார். பின்னால் ஒரு சாக்கு. நான் இறக்கி, சோக்கால் இலக்கம் போட்டேன். சலாத்துக்குப் பிறகு அவர் சொன்ன முதல் பேச்சு, “டின் எங்க?” என்பதுதான். எடுத்து நீட்டினேன். அவர் கையை விட்டார். மூடிகள் சத்தம் போட்டன. எடுத்ததைப் பார்க்க முடியாமல் என்னிடம் தந்தார். கண் சரியில்லை. வேறு யாருடையதோ இலக்கம். சொன்னேன். அந்தச் சாக்கில் குத்தினேன், ஈரத்தைப் பார்த்து எழுதினேன்.

அவர் போகவில்லை. கதிரையில் இருந்தபடி தன் சாக்கைக் காலால் தொட்டுக்கொண்டிருந்தார். “அன்டக்கி என்ட சாக்கு நல்லாத்தான் ஈந்திச்சி” என்றார்.

“ஈந்திக்கும் மச்சான்” என்றேன். இருந்திருக்கலாம். குத்தவில்லை. தெரியாது.

“இதுல குத்து.”

மூடி விழாத சாக்கில் குத்துவதில்லை. தானாகக் கையை உயர்த்துகிறவன் கணக்கில் சேரமாட்டான் என்று மிஸ் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனாலும் குத்தூசியை ஏற்றினேன். மிளகு கைக்கு வந்தது. காய்ந்த மிளகு. அவரிடம் நீட்டினேன். அவர் பார்க்கவில்லை.

“ஒரு எடத்தோட விடாத. அவ விடமாட்டா.”

நடுவில் குத்தினேன். சாக்கைச் சாய்த்து அடியிலும் குத்தினேன். அவர் கையை நீட்டினார். மூன்று இடத்து மிளகையும் அவர் உள்ளங்கையில் போட்டேன். விரல்களை மூடிக்கொண்டார். நான் சாக்கை நிறுத்தேன். அவருக்குத் தேத்தண்ணி சொன்னேன். அவர் குடித்தார்.

அவர் போன பிறகு அன்றைய ஈரக் கணக்கைப் போட்டேன். அவருடையதைச் சேர்க்கவில்லை. மூடியை டின்னுக்குள் போட்டேன். குத்தூசியைத் துடைத்து ஆணியில் மாட்டினேன்.