பதினாறரை இஞ்ச் காலர்

என் தம்பி பெரிய மேதாவி. அவனே சொல்வான்; கேட்கத்தான் ஆள் வேண்டும்.

இருபத்தாறு வருஷமாகச் சட்டை தைக்கிறான். அதே கடையில் காஜா எடுத்து, பட்டன் தைத்து, தேய்த்து மடிக்கிறவள் நான். அவன் கீழுதட்டின் இடது ஓரத்தில் எப்போதும் நாலு குண்டூசி, வலது ஓரத்தில் சிகரெட். அந்த இடது ஓரத்தில் ஒரு புண் வந்து ஒரு வருஷமாக ஆறாமல் கிடந்தது. ஊசி குத்தியதாம். ஊசியை வலப்பக்கம் மாற்றினான், சிகரெட்டை இடப்பக்கம். துரை கண்டுபிடித்த வைத்தியம் அது.

ஆஸ்பத்திரிக்குப் போ என்றால், "அக்கா, நீ உன் காஜாவைப் பாரு" என்பான்.

ஒருநாள் அவனுடைய புதுச் சட்டையைத் தேய்க்கும்போது காலர் கையில் நீளமாக வந்தது. டேப்பை வைத்தேன். பதினாறரை! இத்தனை வருஷமும் பதினைந்து போடுகிற கழுத்து. ஆளோ குச்சியாக இளைத்துவிட்டான். காலர் உயரமும் அரை இஞ்ச் கூடுதல். கழுத்தில் வந்த கட்டியை மறைக்கச் சட்டை தைத்திருக்கிறான், பாவி! அளந்து பார்த்துத்தானே துணியை வெட்டியிருப்பான்? தெரிந்தே மறைத்திருக்கிறான்.

காதைப் பிடிக்காத குறையாக இழுத்துக்கொண்டு போனேன். சதை எடுத்துச் சோதித்துவிட்டு, உதட்டுப் புற்று கழுத்துக்கு இறங்கிவிட்டது என்றார் டாக்டரம்மா. "உதட்டுல ஒரு துண்டு வெட்டணும். கழுத்துல இருக்கிற நெறிக்கட்டியையும் சேர்த்து எடுத்தாதான் உயிருக்கு நம்பிக்கை."

"உதட்டை எடுத்துக்குங்க. கழுத்து வேணாம், தழும்பு தெரியும்" என்றான் அந்த அழகன்.

"தெரியட்டுமே! மறைக்கிற மாதிரி காலர் வைக்கத்தான் உனக்கு நல்லா வருதே. போடுடா கையெழுத்தை!"

போட்டான்.

ஆபரேஷன் ஐந்து மணி நேரம் ஆயிற்று. நெறிக்கட்டிகளை எடுத்த இடத்தில் கழுத்து ஒரு பக்கமாகக் குழிந்துவிட்டது. கட்டுப் பிரித்த அன்று கண்ணாடியில் பார்த்துவிட்டு, கோணல் வாயால் முதலில் சொன்னது: "தையல் சீரா இல்ல." ஓங்கி ஒன்று வைக்கலாமா என்றிருந்தது. பிறகு ஆறு வாரம் கதிர்வீச்சு. கழுத்து மறுபடி வீங்கினால் உடனே வரச் சொன்னார் டாக்டரம்மா.

இப்போது திங்கட்கிழமைதோறும் கடை திறந்ததும் முதல் அளவு அவனுக்குத்தான். தாடையைத் தூக்கிக்கொண்டு நிற்பான், நான் டேப்பைச் சுற்றுவேன். எவ்வளவு என்று வாய்விட்டுக் கேட்க மாட்டான், அத்தனை திமிர். நான் "பதினாலு" என்று சொல்லும்வரை மூச்சு மட்டும் விடுவதில்லை. நானும்தான்.