ஹொசகெரே ஸ்டேஷனுக்கு எட்டடி மாலையோடு போய் வந்தேன்

"புது ஸ்டேஷன்ல ரயில் ஏற ஒரே ஒரு படிதான் இருக்கும். அதுக்கு மேல இருந்தா என் மீசைய எடுத்துடறேன்" என்று போன மாதம் என் தங்கை ஸ்டெல்லாவுக்கு போனில் வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்த ஸ்டேஷனை நான் அதுவரை பார்த்ததில்லை, உண்மைதான். பார்க்காமலே தெரிந்துகொள்வதற்குப் பெயர்தான் அனுபவம். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைத் தாங்க முடியாமல் அனுப்பிவிட்டது. அதன் பிறகு படித்ததெல்லாம் ரயிலில்தான். பெங்களூர் கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் என்னைத் தெரியாத காக்கா கிடையாது.

விஷயம் இதுதான். இப்போது வைட்ஃபீல்டோடு திரும்பிவிடும் லோக்கல் ரயிலை, அதற்கு அப்பால் கட்டிக்கொண்டிருக்கும் ஹொசகெரே வரை நீட்டிக்கப் போகிறார்கள். ஸ்டெல்லா வீடு அங்கேதான். முழங்கால் தேய்ந்துபோனதிலிருந்து அவளுக்கு பஸ் படி மலை மாதிரி. ஆட்டோவில் வந்தால் குலுக்கலில் இரண்டு நாள் படுத்துவிடுகிறாள். ஈஸ்டருக்கு அப்புறம் லிங்கராஜபுரத்தில் எங்கள் கோயில் பாடகர் குழுவுக்கு அவள் வரவே இல்லை. அவள் இல்லாமல் நாங்கள் பாடினால் ஃபாதர் பிரசங்கத்தைச் சீக்கிரம் ஆரம்பித்துவிடுகிறார்.

சின்ன ஸ்டேஷன்களில் பிளாட்பாரம் தரையோடு தரையாக இருக்கும். கம்பியைப் பிடித்துத் தொங்கி, ஏணி ஏறுவதுபோல ஏற வேண்டும். புது ஸ்டேஷனும் அப்படி இருந்தால் கிறிஸ்துமஸுக்குத் தன் இடத்தில் வேறு ஆளைப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டாள். ஒரு படி என்றால் அவளால் முடியும். டாக்டரும் அவ்வளவுதான் அனுமதித்திருக்கிறார்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு அங்கே ட்ரையல் ரயில் வருகிறது என்று ரயில்வே கான்ட்ராக்டில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் சொன்னார். நான் ஸ்டெல்லாவிடம் சொன்னேன். ஸ்டெல்லா தெருவுக்கே சொல்லிவிட்டாள். ஓர் ஊரில் முதல் ரயில் வந்து நின்றால் என்ஜினுக்கு மாலை போட்டுத் தேங்காய் உடைக்காமல் விடுவோமா? மாலை என் பொறுப்பு.

காலை ஏழரைக்கு லிங்கராஜபுரத்தில் பஸ் ஏறி சிவாஜிநகர் போனேன். பூக்கடை அம்மா கேட்டார்:

"யாருக்குண்ணா, மாப்பிள்ளைக்கா?"

"ரயிலுக்கும்மா."

"அதோட மூஞ்சி எவ்ளோ அகலம்?"

இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். "பொண்ணு குடுக்கறவங்க பாவம்" என்று சொல்லிக்கொண்டே எட்டடிச் சாமந்தி மாலை கட்டிக்கொடுத்தார். முந்நூற்றைம்பது ரூபாய். வேறு யாராக இருந்தாலும் ஆயிரத்துக்குக் குறையாது.

அங்கிருந்து கண்டோன்மென்ட்டுக்கு நடை. வைட்ஃபீல்டுக்கு டிக்கெட் பத்து ரூபாய். பெட்டியில் நிற்க இடமில்லை. ஆனாலும் மாலைக்கு ஒருவர் எழுந்து சீட் கொடுத்தார். புது ஸ்டேஷனைத் திறந்துவைக்கப் போகிறேன் என்று சொன்னதும் எனக்கும் பாதி சீட் கிடைத்தது. வைட்ஃபீல்டிலிருந்து ஹொசகெரே ஆறு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூற்றைம்பது.

"அங்க ட்ரெய்ன் இன்னும் நிக்கறதில்ல குரு," என்றார் டிரைவர்.

"இன்னிக்கி நிக்கும். நான் வரேன்ல."

"சரி பாஸ். திரும்பி வரவும் நானே வெயிட் பண்றேன்."

ஸ்டேஷனுக்கு வெளியே இருபது பேர் கூடியிருந்தார்கள். தேங்காய், கற்பூரம், ஒரு பூசணிக்காய். நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் ஸ்டெல்லா, ஞாயிற்றுக்கிழமைப் புடவையில். என்னைப் பார்த்ததும் முதல் கேள்வி:

"மீசைய ட்ரிம் பண்ணிட்டு வந்திருக்கியே, பயமாண்ணா?"

போகப் போகிறவர்களுக்காக வேலை எதுவரை வந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பெயர்ப் பலகை எழுதியாகிவிட்டது. டிக்கெட் ஜன்னல் இருக்கிறது, உள்ளே மேஜை இல்லை. கூரை பாதி. மேம்பாலத்துக்குத் தூண் மட்டும் நிற்கிறது. ஆனால் பிளாட்பாரத்துக்குப் போகப் படி கிடையாது, சரிவுப் பாதை. ஸ்டெல்லா என் தோளைப் பிடித்து மெதுவாக ஏறினாள். பிளாட்பாரம் உயரமாகத்தான் இருந்தது. ஆனால் பக்கத்தில் ரயில் நிற்காமல் எத்தனை படி என்று எப்படிச் சொல்வது? அவள் ஓரத்தை எட்டிப் பார்த்துவிட்டு என் மீசையைப் பார்த்தாள்.

பதினொன்றேகாலுக்கு ஹார்ன் சத்தம். ஜனம் கைதட்டியது. தூரத்தில் மஞ்சளாக ஏதோ வந்தது. புது மாடல் என்ஜின் என்று நான்தான் விளக்கினேன். அது வந்து நின்றதும் மாலையைப் போட்டேன். பூசணிக்காய் உடைந்தது, தேங்காய் சிதறியது, கற்பூரம் காட்டியாயிற்று. அப்புறம்தான் பின்னால் பெட்டியே இல்லை என்பதை ஒருவர் கவனித்தார்.

மேலே இருந்து எண்ணெய்க் கறையோடு ஓர் ஆள் இறங்கினார். ஜோலார்பேட்டைக்காரராம்.

"சார், இது தண்டவாளத்துக்கு அடியில ஜல்லி இறுக்கற மெஷின். பேசஞ்சர் ஏத்த மாட்டோம்."

ஸ்டெல்லா முதலில் சிரித்தாள், அப்புறம் எல்லோரும். நான் மாலையைக் கழற்றப் போனேன். அவர் என் கையைப் பிடித்துவிட்டார்.

"இருக்கட்டும் சார். எத்தனையோ ஸ்டேஷனுக்கு ஜல்லி இறுக்கியிருக்கேன். ரயிலுக்குத்தான் மாலை போடுவாங்க. இதுக்கு இன்னிக்கிதான் மொத தடவ."

மெஷினுக்கும் மரியாதை செய்யத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பது அப்போது எல்லோருக்கும் விளங்கியது.

ஸ்டெல்லா அவரிடமே கேட்டுவிட்டாள். "தம்பி, இங்க ரயில் நின்னா ஏற எத்தன படி?"

"நான் சொன்னா நம்புவீங்களாக்கா? கொஞ்ச நேரத்துல பங்காருபேட்டை வண்டி இந்த லைன்லதான் வரும். இங்க நிக்காது. ஆனா இப்ப ஜல்லி இறுக்கற இடம்ல, ஊர்ந்துதான் போகும். கோட்டுக்குப் பின்னாடி நின்னு நீங்களே பாருங்க."

மாலையோடு மெஷின் பக்கத்துத் தண்டவாளத்துக்கு ஒதுங்கியது. ஸ்டெல்லா மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நின்றாள். அவள் விரல்கள் என் முழங்கையை அழுத்திக்கொண்டே இருந்தன. நான் மீசையைத் தடவவில்லை, வேர்வையைத்தான் துடைத்தேன்.

ரயில் வந்தது. மாட்டு வண்டி வேகம். வாசல்கள் ஒவ்வொன்றாக எங்கள் முன்னால் நகர்ந்தன. கீழ்ப் படிகள் பிளாட்பாரத்துக்கு அடியில் மறைந்துவிட்டன. வாசலில் உட்கார்ந்திருந்த ஓர் ஆள் ஸ்டெல்லாவைப் பார்த்து அவசரமாகக் காலை மடக்கிக்கொண்டார். அவர் கால் இருந்த இடத்தில்தான் தெரிந்தது.

"அண்ணா, ஒரே ஒரு படி!" என்றாள். அடுத்த வாசலையும் பார்த்தாள். "இதுலயும் ஒண்ணுதான்!" கடைசிப் பெட்டி போகும்வரை ஒவ்வொரு வாசலுக்கும் சொன்னாள், எனக்குக் கண் தெரியாத மாதிரி.

இனி உங்களுக்கு. ஹொசகெரேயில் இன்னும் எந்த ரயிலும் நிற்பதில்லை. ரயில்வே அதிகாரிகள் வந்து பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் நிற்கும், நாள் சொல்லவில்லை. அதுவரை வைட்ஃபீல்டில் இறங்கி ஆட்டோதான். குடிக்கத் தண்ணீர் எடுத்துப் போங்கள், அங்கே குழாய் இருக்கிறது, தண்ணீர் வரவில்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் அந்த ஒரு படியைத் தாராளமாக நம்பலாம். மாலை வாங்குவதாக இருந்தால் முதலில் வண்டியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கிறிஸ்துமஸுக்குள் ரயில் வருமா என்று எனக்கே தெரியாது. இதை நான் சொல்வது அபூர்வம். ஆனால் தன் வீட்டுக்குத் திரும்பியதும் ஸ்டெல்லா வாசற்படி முன்னால் நின்று, நிலையைப் பிடித்து, வலது காலை வைத்து ஏறினாள். இறங்கினாள். மறுபடி ஏறினாள். பிறகு பாடகர் குழுத் தலைவருக்கு போன் போட்டாள்.

"என் நாற்காலியில யாரையும் உக்கார வெக்காதீங்க" என்றாள்.