சத்தம் வராத டிஸ்க்

எண்பதுகளின் கடைசியில் ஈப்போவில் ஒரு பழுதுபார்க்கும் கடையில் வேலை பார்த்தேன். பாலிடெக்னிக்கில் மின்னியல் படித்தவள் என்பதால் வானொலி, ஆம்ப்ளிஃபையர், கீபோர்டு எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். மேசை மேல் சுவரில் ஒரு தாளை ஒட்டி வைத்திருந்தேன். தலைப்பு, ‘சத்தம் வரவில்லையென்றால்.’ அதன்கீழ் ஏழு வரிகள். முதல் வரி மின்சாரம். இரண்டாவது ஒலியளவுக் குமிழ். மூன்றாவது, கேபிள் எங்கிருந்து எங்கே போகிறது என்று கண்ணால் பார். பெரும்பாலான பழுதுகள் அந்த மூன்றாவது வரியைத் தாண்டியதில்லை.

என்னோடு பள்ளியில் படித்த தோழி ஒருநாள் மதியம் கடைக்கு வந்து நின்றாள். அவளுடைய அண்ணன் கல்யாண இசைக்குழு ஒன்றில் கீபோர்டு வாசித்தவர். தாப்பா சாலை வளைவில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோய் ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், பழைய கம்ப்யூட்டர் ஒன்றைச் சிங்கப்பூரில் வாங்கிவந்து, அதில் தங்கைக்காக ஓர் இசையை அமைத்து முடித்திருந்தார். நீ மணவறைக்கு நடந்து வரும்போது இதுதான் கேட்க வேண்டும் என்று சொல்லியிருந்தாராம். துக்கத்தால் அந்த வீட்டில் ஓராண்டு வானொலிகூடப் பாடவில்லை. வருஷத் திதி முடிந்த மறுநாள் அந்த டிஸ்க்கைப் போட்டிருக்கிறார்கள்.

“ஸ்கிரீன்ல எல்லாம் ஓடுது. சத்தம் மட்டும் வரல லா” என்றாள். “டிவி ரிப்பேர்காரன் ரெண்டு தடவ ஸ்பீக்கர் மாத்திட்டான். இன்னொருத்தன் வந்து, டிஸ்க் பூஞ்சை புடிச்சு ரோசாக், கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டுப் போறான்.”

“அம்மா என்ன சொல்றாங்க?”

“அண்ணனுக்கு இஷ்டமில்லையாம். குடுக்கிறேன்னு சொன்னத அவனே இழுத்துப் புடிச்சு வச்சிருக்கான், இந்தக் கல்யாணம் வேணாம்னு சொல்றான்னு உட்காந்துட்டாங்க. கார்டு அடிக்கக் குடுக்க விடல. மாப்பிள்ளை வீட்ல வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு பதில் சொல்லணும்.”

அன்று செவ்வாய்க்கிழமை. நான் ஒரு தாளை எடுத்துக் கேள்விகளை எழுத ஆரம்பித்தேன்.

“மாப்பிள்ளை பாக்கப் போறப்பவும் லிஸ்ட் போடுவ போல” என்றாள்.

“போட்டாச்சு. ஒருத்தனும் மூணாவது வரியைத் தாண்டல.”

அவள் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அண்ணனின் அறை அப்படியே இருந்தது. படத்தின்முன் விளக்கு எரிந்தது. அம்மா வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார். மகன் போனபிறகு உள்ளே வருவதில்லையாம், விளக்கைக்கூட மகள்தான் ஏற்றுகிறாள். நான் டிஸ்க்கைப் போட்டு ஓடவிட்டேன். திரையில் சிறு சிறு கட்டங்கள் வலமிருந்து இடமாக நகர்ந்தன. நெருங்கின, விலகின, ஓரிடத்தில் படிப்படியாக மேலே ஏறின. இசை நடந்துகொண்டிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அறையில் விளக்குத் திரி படபடக்கும் ஓசை மட்டுமே கேட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று ஒருவர் பேசுவதைப் பார்ப்பதுபோல் இருந்தது.

மின்சாரம் இருந்தது. குமிழ் சரியாக இருந்தது. மூன்றாவது வரிக்கு வந்தேன். கம்ப்யூட்டரின் பின்னாலிருந்து கிளம்பிய ஐந்து முள் கேபிளைக் கையால் பிடித்துக்கொண்டே போனேன். அது மேசைக்குப் பின்னால் இறங்கி, எதிலும் செருகப்படாமல் தரைக்குமேல் தொங்கிக்கொண்டிருந்தது. மேசையின் மேற்பரப்பில் ஒரு நீளமான இடம் மட்டும் சுற்றிலும் இருந்த பலகையைப்போல் வெளுக்காமல் இருந்தது.

“இங்க என்னம்மா இருந்துச்சு?”

“அவன் கீபோர்டு” என்றார் அம்மா, வெளியில் நின்றபடியே. “பதினாறாம் நாள் எங்க தோட்டத்துக் கோயிலுக்குக் குடுத்துட்டேன். வீட்ல வச்சுப் பாக்க முடியல. பாட்டுதான் பொட்டிக்குள்ள இருக்கே.”

அங்கேதான் பழுது. புதிதாக இந்த வேலைக்கு வரும் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அந்தக் கம்ப்யூட்டரில் ஒலி எதுவுமே கிடையாது. எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்ற குறிப்புகள் மட்டுமே அதில் இருக்கும். குறிப்பு கேபிள் வழியே கீபோர்டுக்குப் போகும். ஒலி எழுப்புவது கீபோர்டுதான். ஸ்பீக்கரை எத்தனை தடவை மாற்றினாலும் ஊமையாகத்தான் இருக்கும். இதை இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

“அப்ப இந்தப் பொட்டிக்குள்ள இருக்கிறது என்ன?” என்று கேட்டார் அம்மா.

“அண்ணனோட விரல் செஞ்ச வேலை மட்டும்தாம்மா.”

சொல்லியிருக்க வேண்டாம் என்று உடனே தோன்றியது. அம்மா படியைத் தாண்டி உள்ளே வந்து திரைக்கு முன்னால் நின்றார். கட்டங்கள் அவர் முகத்துக்கெதிரே நகர்ந்துகொண்டிருந்தன. “வெள்ளிக்கிழமைக்குள்ள பாத்துச் சொல்லு” என்று மட்டும் சொன்னார்.

வியாழக்கிழமை கடையில் விடுப்புச் சொல்லிவிட்டு, கம்ப்யூட்டரைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு மூவரும் டாக்சியில் தோட்டத்துக்குப் போனோம். தாப்பாவுக்குத் தெற்கே இருந்த பழைய ரப்பர் தோட்டம். அம்மா பால் வெட்டிய இடம். நிலத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டார்கள். பாதியில் செம்பனை நட்டாகிவிட்டது. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த லயத்தில் நான்கைந்து வீடுகளில்தான் ஆட்கள் இருந்தார்கள். மற்றவற்றின் கதவுகளைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். எஞ்சியிருந்த பால்மரங்களில் காய்கள் வெடிக்கும் பருவம். படீரென்று ஒரு சத்தம் வரும், பிறகு ஆளில்லாத வீட்டின் தகரக் கூரையில் கொட்டை விழுந்து உருளும். ஒவ்வொரு முறையும் நாங்கள் திரும்பிப் பார்த்தோம்.

கோயிலுக்கு அருகிலிருந்த பழைய ஆயாக்கொட்டகையில்தான், அதாவது வெட்டுக்குப் போனவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட கொட்டகையில், இப்போது பஜனை நடந்தது. பஜனையை நடத்தும் அண்ணன் ஒருவர் எங்களை உள்ளே அழைத்துப்போனார். கீபோர்டு சுவரை ஒட்டிய மேசையில் சிவப்புத் துணி போர்த்தப்பட்டு இருந்தது.

“ஆர்மோனியச் சத்தம் மட்டும்தான் வச்சிருக்கோம் தங்கச்சி. மத்ததெல்லாம் அமுக்கிப் பாக்கப் பயம் லா. ஒரு தடவ எவனோ எதையோ அமுக்கி, பஜனை நடுவுல நாய் கொலைச்ச மாதிரி வந்துருச்சு.”

தோட்டத்து எஞ்சின் மாலை ஆறரைக்குத்தான் ஓடும். அதுவரை மின்சாரம் கிடையாது. காத்திருந்தோம். வெளிச்சம் மங்க மங்க அம்மா அந்தச் சிவப்புத் துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டில் மேசைக்குப் பின்னால் கையை விட்டுத் தடவி, கேபிளைச் செருகி வைத்தேன். எஞ்சின் உறுமியது. பல்பு சிவந்து, பிறகு வெளுத்தது. ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தேன். ஆர்மோனியம்போல் ஒலித்தது. டிஸ்க்கை ஓடவிட்டேன்.

கட்டங்கள் நகர்ந்தன. சத்தம் வரவில்லை.

வெளியே ஒரு காய் வெடித்தது. அம்மா எழுந்தார்.

“போதும். எந்திரிங்க. அவன் சொல்ல வேண்டியதச் சொல்லிட்டான்.”

“அம்மா, ஒரு நிமிஷம்” என்றாள் தோழி.

“ஒரு வருஷம் போச்சு. இன்னும் என்ன ஒரு நிமிஷம்?”

என் தாளின் மூன்றாவது வரி நினைவுக்கு வந்தது. கண்ணால் பார் என்று எழுதியவளே கையால் தடவிச் செருகியிருந்தேன். கீபோர்டை முன்னுக்கு இழுத்து, பல்பு வெளிச்சத்தில் அதன் முதுகைத் திருப்பினேன். வரிசையாக மூன்று வட்டத் துளைகள். மூன்றிலும் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தது. காய்ந்து கல்லாகிவிட்ட சந்தனத்தின்மேல் என் கேபிளின் முட்கள் பாதி மட்டுமே இறங்கியிருந்தன.

“அண்ணே, இது?”

“ஆயுத பூசைக்கு வச்சது. முன்னால வச்சா கட்டையெல்லாம் பிசுபிசுன்னு ஆயிரும்னு பின்னால வச்சேன். மூணு கண்ணு மாதிரி இருந்துச்சு, விட மனசு வரல.”

“கண்ணுக்குள்ள யாருண்ணே சந்தனம் வைப்பா?” என்றாள் தோழி. அந்த நிலையிலும் அவளுக்கு வாய் அடங்கவில்லை.

ஊக்கால் சுரண்டி, கொண்டுவந்திருந்த ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். அம்மா உட்காரவில்லை, போகவுமில்லை. கேபிளை இறுதிவரை அழுத்திவிட்டு மறுபடி ஓடவிட்டேன்.

இசை வந்தது. மெதுவான நடை. கீபோர்டின் முன்னால் யாருமில்லை, கட்டை ஒன்றும் அசையவில்லை, ஆனால் அதற்குள்ளிருந்து யாரோ மூச்சு எடுத்து, நிதானித்து, வாசித்துக்கொண்டிருந்தார்கள். பஜனை அண்ணன் இரண்டடி பின்னால் போய்ச் சுவரோடு நின்றுவிட்டார்.

நான் வேறொன்றைக் கவனித்தேன். ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு முறையும் அதன் நான்காவது சுரம் மட்டும் கேட்கவில்லை. மூன்று படி ஏறிவிட்டு நான்காவதில் காலடி காணாமல் போவதுபோல். திரையில் குறிப்புகளின் பட்டியலைத் திறந்தேன். அழுத்திய வேகம் எண்களாக இருந்தது. வேகம் குறைந்தால் ஒலியும் மெலியும். 82, 79, 85, பிறகு 24. அடுத்த முறை 80, 81, 84, 22. அந்தச் சுரம் இருந்தது, கேட்காத அளவுக்கு மெலிதாக. பழுது என்று முடிவுசெய்தேன். மூல டிஸ்க்கை நான் தொடுவதில்லை. நகல் ஒன்று எடுத்து, அதில் அந்த எண்களையெல்லாம் 80 ஆக்கி, ஓடவிட்டேன். எல்லாச் சுரங்களும் சீராகக் கேட்டன.

அம்மா தலையை ஒருபக்கம் சாய்த்துக் கேட்டார்.

“நல்லா இருக்கு” என்றார். “இது யாரு?”

“அண்ணன்தாம்மா.”

“இல்ல. மொதல்ல வந்தவன் போயிட்டான். இது வேற ஆளு.”

நகலை எடுத்துவிட்டு மூல டிஸ்க்கைப் போட்டேன். மூன்று படி, பிறகு அந்த வெற்றிடம். அம்மா தன் வலது கையை நீட்டி, மோதிர விரலை இடது கையால் பிடித்துக்கொண்டார்.

“பத்து வயசுல என் பால்வெட்டுக் கத்திய எடுத்து வெளையாடினான். நரம்பு போச்சு. இந்த வெரல் ஒழுங்கா அமுங்காது. எத்தனை தடவ இந்தச் சத்தத்தக் கேட்டிருக்கேன்.” பிறகு மகளிடம், “நாளைக்கே கார்டு அடிக்கக் குடுத்துரு. அவன் வந்துட்டான்” என்றார்.

தோழி தலைகுனிந்து அழுதாள். இசை முடிந்தது. அது ஓடிய அளவு நேரம் போனபிறகுதான் பஜனை அண்ணனுக்குத் தைரியம் வந்தது. கிட்டே வந்து, கீபோர்டு நன்றாக இருக்கிறதா என்று ஒரு கட்டையைத் தொட்டார். ஒலித்தது. விரலை எடுத்தார். ஒலி நிற்கவில்லை. கையை உதறிக்கொண்டு என்னைப் பார்த்தார். அது நீண்டுகொண்டே போனது. கடைசியில் நான் சுவிட்சை அணைத்தேன்.

காரணத்தை வீட்டுக்கு வந்து பட்டியலில் தேடினேன். பட்டியல் இசையோடு முடியவில்லை. இசை முடிந்தபின் வெறும் பெடல் குறிப்புகள். ஒலியை நீட்டுவதற்குக் காலால் அழுத்துவது பெடல். பெடல் கீழே, பெடல் மேலே, பெடல் கீழே, பெடல் மேலே. அதற்குச் சத்தம் கிடையாது. பதிவை நிறுத்த மறந்துவிட்டுக் காலை ஆட்டியபடி உட்கார்ந்திருக்கிறார். இசை எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம். நான் வரிவரியாகப் படித்துக்கொண்டு போனேன். கடைசி வரி ‘பெடல் கீழே’. அதற்குப்பின் ஒன்றுமில்லை. கால் எடுக்கப்படவே இல்லை. தோட்டத்தில் கீபோர்டோடு பெடல் எதுவும் இணைந்திருக்கவில்லை. அது அவருடைய அறையில் மேசைக்கடியில்தான் கிடந்தது. ஆனாலும் அந்த வரியை வாங்கிக்கொண்ட கீபோர்டு, ஒரு கால் இன்னும் அழுத்தியிருப்பதாகவே நினைத்து ஒலியைப் பிடித்து வைத்திருந்தது.

கல்யாணத்துக்கு அந்தக் கீபோர்டையே கேட்டு வாங்கினோம். அதன்பிறகு இசைக்குழு அதில் வாசிக்க வேண்டும் என்பதால் அப்படியே விட முடியாது. ஒரு நகலில் கடைசியாக ஒரு வரி சேர்த்தேன். ‘பெடல் மேலே.’ அந்த விசையை அழுத்துவதற்கு முன் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

தோழி மணவறைக்கு நடந்து வந்தாள், மூன்று படி ஏறி நான்காவது காணாமல் போகும் அந்த நடையில். அவள் உட்காரவும் இசை முடிந்தது. நாதஸ்வரக்காரர் என் சைகைக்காகப் பார்த்தார். அம்மா என் பக்கத்தில் வந்து நின்று திரையைக் கவனித்தார்.

“முடிஞ்சிருச்சா?”

“இன்னும் கொஞ்சம் இருக்கும்மா.”

“சத்தம் வரலையே.”

“சத்தம் வராது. ஆனா இருக்கு.”

அம்மா தலையாட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். மண்டபத்தில் ஆட்கள் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். கடைசி வரி வந்தது. நான் தலையை அசைத்தேன், நாதஸ்வரம் எழும்பியது.

மூல டிஸ்க் என்னிடம்தான் இருக்கிறது. அதில் நான் எதையும் சேர்க்கவில்லை. அதில் பெடல் இன்னும் கீழேதான் இருக்கிறது.