அவள் வீட்டு வாசல் பல்பு

வேடசந்தூர் சாலையில் ஒரே மனையை இரண்டாகப் பிரித்துத்தான் நாங்கள் வீடு கட்டினோம். ஒரு பாதியில் நாங்கள், மறுபாதியில் என் கொழுந்தனாரும் அவர் மனைவியான என் ஓரகத்தியும். ஒரே கொத்தனார், ஒரே எலக்ட்ரீசியன், ஒரே கடையில் வாங்கிய ஒயர். அதனால்தான் என் வீட்டில் மட்டும் பல்புகள் தங்காமல் போனதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

அடுப்படியில் பொங்கலுக்கு மாட்டியது சித்திரைவரை தாங்காது. நாலு தடவை கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்துவிடும். கூடத்திலும் அதே கதை. ஓரகத்தி வீட்டு வாசல் பல்போ குடிவந்த அன்று மாட்டியது. திருட்டுத்தனமாக மாற்றுகிறாளோ என்றுகூட எனக்குச் சந்தேகம் வந்தது. மாடியில் வற்றல் காயப்போடுகிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். பல்புக்கும் சுவருக்கும் நடுவே சிலந்தி வலை பின்னி, அதில் தூசியும் படிந்திருந்தது. யாரும் தொட்ட அடையாளமே இல்லை.

அவள் வாங்குகிற அதே பல்பைக் கேட்டு வாங்கிவந்தும் பார்த்தேன். அதுவும் போயிற்று. நான் கண்ட கண்ட பல்பை வாங்கிவருவதுதான் காரணம் என்றார் கணவர். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். இரண்டு வீட்டிலும் மாறி மாறி இருக்கிற மாமியார், சாப்பிட்டுக்கொண்டே ஒருநாள் சொன்னார்:

“சின்னவ கை ராசியான கை. அவ தொட்டது நிக்கிது.”

என் கைக்கு என்ன குறை? அதற்குப் பிறகு சாயங்காலமானால் அவள் வாசலில் சுவிட்ச் தட்டும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். இன்றைக்காவது எரியாமல் போகட்டும் என்று நினைப்பேன். ஒருநாள் என் வீட்டு விளக்கைப் போடுமுன் எட்டிப் பார்த்தேன், அந்த வீடு இருட்டாகவே இருந்தது. எனக்கு அவ்வளவு நிம்மதி. வெளியே வந்து பார்த்தால் தெரு முழுக்கக் கரண்ட் இல்லை.

அவளோ அடிக்கடி தேங்காயும் பொட்டுக்கடலையும் எடுத்துக்கொண்டு சட்னி அரைக்க எங்கள் வீட்டுக்கு வருவாள். தன் மிக்சி தேயாமல் இருக்க என் மிக்சியைத் தேய்க்கிறாள் என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டே ஜாரை எடுத்துக் கொடுப்பேன்.

பிறகு எங்கள் ஃபிரிட்ஜ் புகைந்துபோனது. புதிதாக வாங்கியதோடு ஒரு ஸ்டெபிலைசரும் வைத்துக்கொடுத்தார்கள். வீட்டுக்கு வருகிற வோல்டேஜ் அதில் சிவப்பு எண்ணாகத் தெரியும். இருநூற்று முப்பதை ஒட்டி இருக்க வேண்டும் என்று மாட்டிய ஆள் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மறுநாள் பார்த்தால் இருநூற்று அறுபதைத் தாண்டி நின்றது. பல்புகள் ஏன் சீக்கிரம் செத்தன என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அளவுக்கு மீறி ஊட்டி ஊட்டியே கொன்றிருக்கிறது.

அரைக்க வந்திருந்த ஓரகத்தி பின்னால் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெட்டியைத் தன் வீட்டில் ஒருமுறை மாட்டிப் பார்க்கலாமா என்று கேட்டாள். தூக்கிக்கொண்டு போனோம். அங்கே நூற்று எழுபதுகூட இல்லை.

நான் அண்ணாந்து பார்த்தேன். மின்விசிறி, இறக்கைகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம்போலச் சுற்றிக்கொண்டிருந்தது. இத்தனை நாள் அதன்கீழ் உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறேன், கவனித்ததே இல்லை.

“எங்க மிக்சி உறுமும்க்கா, சுத்தாது. மோட்டார் போட்டா தண்ணி ஏறாது,” என்றாள். பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிக்கொண்டே, “உங்க வீட்டு வெளிச்சத்தப் பாத்து அம்புட்டு வயித்தெரிச்சல் எனக்கு. மூத்தவுகன்னு உங்களுக்கு நல்ல லைன இழுத்துக் குடுத்துட்டாகன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சண்டகூட போட்டேன்,” என்றாள்.

உண்மையைச் சொன்னால், அந்த நிமிடம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என்னைப் பார்த்தும் ஒருத்தி பொருமியிருக்கிறாள். அவள் வாசல் பல்பைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டு பேரும் சேர்ந்தே போய் மின்வாரியத்தில் புகார் கொடுத்தோம். ஆட்கள் வந்து கம்பத்தில் ஏறிப் பார்த்தார்கள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் கரண்ட் வருகிற ஃபேஸ் கம்பி வேறு வேறு, ஆனால் திரும்பிப் போகிற நியூட்ரல் கம்பி ஒன்றுதான். அதன் இணைப்பு துருப்பிடித்துத் தளர்ந்திருந்தது. அப்படி ஆனால் சுமை அதிகமுள்ள பக்கம் வோல்டேஜ் இறங்கும், குறைந்த பக்கம் ஏறும் என்றார்கள். அவளுடைய ஃபேஸில்தான் தெருமுனை வெல்டிங் பட்டறையும் இருந்தது. அவளுக்குக் குறைந்தது எனக்கு ஏறியிருக்கிறது. அதனால்தான் அவள் பல்பு மங்கலாக எரிந்து நின்றது, என் பல்பு போனது. பழைய இணைப்பை வெட்டிப் புதிதாக முடுக்கிவிட்டுப் போனார்கள். இரண்டு வீட்டிலும் ஒரே எண் வந்தது.

மாமியாரிடம் விஷயத்தை விளக்கிச் சொன்னேன். கேட்டுவிட்டு, கம்பி எப்படியிருந்தாலும் கை ராசி என்று ஒன்று உண்டு என்றார்.

வோல்டேஜ் சரியானதும் ஓரகத்தி வீட்டில் வாஷிங் மெஷின் வாங்கினார்கள். கூப்பிட்டாள், போனேன். மூடி கண்ணாடி மாதிரி மின்னியது. நான் இன்னும் கையால்தான் துவைக்கிறேன். பழைய பொருமல் திரும்ப வந்தது. இந்தத் தடவை அதை உள்ளே வைத்துக்கொண்டு வீட்டுக்குத் தூக்கிப்போக எனக்குத் தெம்பில்லை.

“எனக்குப் பொறாமையா இருக்குடி,” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. “இருக்கட்டும்க்கா. போர்வைய எல்லாம் எடுத்துட்டு வாங்க, போட்டுருவோம்,” என்றாள்.

போய் எடுத்துவந்தேன்.