கரையாத பவுடர்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவளுக்குச் சல்லடை அக்கா என்று பெயர். எதையும் சலித்துப் பார்க்காமல் நம்பமாட்டாள். புதிதாக வரும் சோடாவோ சோப்புத்தூளோ, முதலில் ஒரு கரண்டி எடுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போடுவாள். கரைந்தால் சரக்கு, அடியில் தங்கினால் கலப்படம். அந்தச் சோதனை அவளைக் கைவிட்டதில்லை.

இரண்டு முன்கைகளிலும் படர்தாமரை வந்தது. துவைத்த விரிப்புகளை மடிக்கும் மேசையிலிருந்து அவளை அழுக்குத்துணிப் பக்கம் அனுப்பினாள் மேற்பார்வைக்காரி.

“மாசக் கடைசியில கையப் பாப்பேன். சுத்தமா இருந்தா மேசை உனக்கு. இல்லன்னா வேற ஆளு.”

அந்த மேசைக்கு வந்து சேர்வதற்குள் அவளுடைய பாதி ஆயுசு அழுக்கு மூட்டைகளோடு போயிருந்தது.

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் கொழுந்தன் க்ளோட்ரிமசோல் பவுடர் டப்பா ஒன்று கொடுத்தான். வீட்டுக்குப் போனதும் கொஞ்சம் டம்ளரில் கொட்டிக் கலக்கினாள். வெள்ளையாக அடியில் படிந்தது. டம்ளரும் கையுமாகக் கடைக்கே வந்துவிட்டாள்.

“என்ன தம்பி, சொந்த அண்ணிக்கே சுண்ணாம்பா?”

“அண்ணி, அது தண்ணியில கரையாது. கொழுப்போடதான் சேரும். படர்தாமரை ஒரு பூஞ்சை, அதச் சுத்திக் கொழுப்புல ஆன ஒரு சவ்வு இருக்கும். அதக் கட்டவிடாம தடுக்கிறதுதான் இதோட வேலை.”

“டப்பா முழுக்க மருந்தா?”

“நூத்துல ஒரு பங்கு. மிச்சம் டால்கம் மாவு.”

“பாத்தியா! மாவுன்னு உன் வாயாலயே வந்துடுச்சு.”

“உங்க சந்தேகத்துக்குத்தான் அண்ணி இன்னும் மருந்து வரல.”

பாதி நம்பினாள். ஈரம் போகத் துடைத்து, வலது கையில் மட்டும் நாள் தவறாமல் தூவினாள். இடது கையைச் சாட்சிக்கு விட்டுவைத்தாள். இரண்டும் ஒன்றுபோல ஆறினால் கொழுந்தனின் குட்டு உடைந்துவிடும் அல்லவா?

மாசக் கடைசியில் மேற்பார்வைக்காரி வலது கையைத் திருப்பிப் பார்த்துத் தலையசைத்தாள். இடது கையில் வட்டம் முழங்கை வரை ஏறியிருந்தது.

“இது என்ன?”

“மருந்து நெசந்தானான்னு பாக்க, இத மட்டும் விட்டுவெச்சேன்.”

“மடிக்க ரெண்டு கையும் வேணும்மா.”

மதியமே மேசை முன் வேறொருத்தி நின்றாள். சல்லடை அக்கா வேலை முடிந்து நேராக மருந்துக்கடைக்குப் போனாள்.

“இன்னொரு டப்பா குடு.”

“இப்பவாவது நம்புறீங்களா அண்ணி?”

“மருந்த நம்புறேன். சீல் உடைக்காததாப் பாத்து எடு.”